நடை குறைந்தவர்களுக்கு எந்த வண்டி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார். தெருவில் ஐம்பது அடிக்கு மேல் நடக்க முடியவில்லை. எடை 82 கிலோ. முக்கால் கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் யாரையும் எதிர்பாராமல் போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். மடக்கிக் காரில் வைக்கக்கூடிய மூன்று சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டர் (உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி) ஒன்றை இணையத்தில் வாங்கி அனுப்புவதாக வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி சொல்கிறான். திருச்சியில் நாங்கள் விசாரித்த விற்பனையாளரோ நான்கு சக்கர வண்டிதான் ஏற்றது என்கிறார். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள் உள்ளன. எதை வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தாயாருக்கு நான்கு சக்கர வண்டியே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த மூன்று படிகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு படி 18 சென்டிமீட்டர் என்று கொண்டால், மூன்று படிகளின் மொத்த உயரம் 54 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்கும் ஸ்கூட்டருக்கும் பாதுகாப்பானது என்று கட்டட நெறிகள் கூறும் சாய்வு, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அதாவது உங்கள் வாசலுக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும். அது நடுத்தெரு வரை நீண்டுவிடும். இடமில்லை என்பதற்காக இரண்டு மீட்டரில் செங்குத்தாகச் சாய்தளம் போட்டு, அதன்மேல் ஆளோடு வண்டியை ஏற்றுகிற வழக்கத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். வண்டி பின்பக்கமாகக் கவிழ்வதற்கு அதைவிட எளிய வழி கிடையாது. உங்கள் தாயார் வாக்கர் பிடித்து நடக்கக்கூடியவர் என்பதால், படிகளின் இரு பக்கமும் உறுதியான கைப்பிடி அமைத்து அவரை இறங்கச் செய்யுங்கள். வண்டி கீழேயே, பக்கச் சந்திலோ கூரை போட்ட ஓர் ஓரத்திலோ, பூட்டுடனும் சார்ஜ் செய்வதற்கான மின் இணைப்புடனும் நிற்கட்டும். இந்த ஏற்பாட்டுக்கு இடமில்லை என்றால் எந்த வண்டியை வாங்கினாலும் அது ஒரு மாதத்தில் திண்ணையோரத்துப் பொருளாகிவிடும்.

மொபிலிட்டி ஸ்கூட்டர் யாருக்காகப் பிறந்தது என்பதை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1968-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்பவர், நரம்பு நோயால் நடை தளர்ந்துகொண்டிருந்த தம் குடும்பத்தவர் ஒருவருக்காக இத்தகைய வண்டியை உருவாக்கினார். சிறிது நடக்க முடியும், நெடுந்தூரம் முடியாது. உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்து நிற்கும், இரு கைகளும் வேலை செய்யும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கே இன்றும் இது பொருந்துகிறது. நீங்கள் விவரித்தபடி உங்கள் தாயார் அந்த வகையினர்தான். ஆயினும் வாங்குவதற்கு முன் நான்கு விஷயங்களை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து பிறர் உதவியின்றி எழுகிறாரா, சாயாமல் அரை மணி நேரம் உட்கார்கிறாரா, கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்கிறாரா, கண்புரை இருந்தால் அதற்குச் சிகிச்சை முடிந்துவிட்டதா. இவற்றில் கடைசி இரண்டையும் குடும்பத்தினர் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

இனி சக்கரங்கள். மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் சட்டெனத் திரும்பும். கால் நீட்டவும் இடம் அதிகம். பேரங்காடி, மருத்துவமனைத் தாழ்வாரம், அடுக்கக லிஃப்ட் ஆகியவற்றுக்கு அது மிக நல்ல வண்டி. ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பினாலோ, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ அது சாயும் வாய்ப்பு நான்கு சக்கர வண்டியைவிட அதிகம். தெருவோர வடிகால் மூடியும் தோண்டி மூடிய பள்ளமும் மழைநீர் தேங்கும் குழியும் நம் ஊர்த் தெருக்களில் நிரந்தரமாக இருப்பவை. உங்கள் தாயார் தெருவில்தான் ஓட்டப்போகிறார் என்பதால் திரும்பும் வசதியைவிட நிலைத்து நிற்கும் தன்மைக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரத்தையும் பாருங்கள். மடக்கும் வகை வண்டிகள் பலவற்றில் அது ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான். முறைப்படி அமைக்கப்படும் வேகத்தடையே பத்து சென்டிமீட்டர் உயரமுடையது. அது அகலமாகச் சரிந்திருப்பதால் ஓரளவு தாண்டிவிடலாம். தெருவாசிகள் தாமாகப் போட்டுக்கொண்ட குறுகிய மேட்டில் அந்த வண்டி நடுவயிறு தட்டிச் சக்கரம் அந்தரத்தில் சுழல நின்றுவிடும். சக்கரம் பெரிதாகவும், காற்றடைத்த டயருடனும் இருப்பது நல்லது. திட டயருக்குப் பஞ்சர் கவலை இல்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியும் நேராக இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஏறும். மூட்டுவலி உள்ளவருக்கு அது சிறிய விஷயம் அன்று.

தாங்கும் எடை என்று நிறுவனம் எழுதியிருப்பதில் உங்கள் தாயாரின் எடையோடு கூடையில் வைக்கும் தேங்காய், காய்கறி எல்லாம் அடங்கும். 82 கிலோவுக்கு நூறு கிலோ தாங்கும் வண்டி போதும் என்று கணக்கிடாமல் 120 கிலோவுக்கு மேல் தாங்குவதைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரமோ சமதளத்தில், அளவான எடையுள்ளவரை ஏற்றிக்கொண்டு, புதிய பேட்டரியில் அளந்தது. நான் அதில் பாதியைத்தான் நம்பச் சொல்வேன். போக வர ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டுமே செல்லும் உங்கள் தாயாருக்கு அந்தப் பாதியும் தாராளம். ஆகவே நீண்ட தூரம் ஓடும் என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஈய அமில பேட்டரி கனமானது, விலை குறைவு. அதை வெறுமையாக விட்டுவைத்தால் கெட்டுவிடும் என்பதால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் தவறாமல் சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி இலேசானது, நீண்ட நாள் உழைப்பது. வெயில் படும் இடத்தில் நிறுத்தக் கூடாது, அதற்கென்று வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைச் செருகவும் கூடாது. இரண்டில் எதுவானாலும், எல்லோரும் உறங்கும் நேரத்தில் வாசலை அடைத்தபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

இயக்கும் நெம்புகோலைத் தாயாரின் விரலே தேர்வு செய்யட்டும். சில வண்டிகளில் கட்டைவிரலால் தள்ள வேண்டும், சிலவற்றில் நான்கு விரல்களால் இழுக்க வேண்டும். விரலை எடுத்தவுடன் மின்காந்த பிரேக் பிடித்து வண்டி நின்றுவிடும் என்பதே இந்த வண்டிகளின் பெரிய பாதுகாப்பு. ஆனால் பயந்துபோனவர்கள் கைப்பிடியை இன்னும் இறுக்குவார்கள். இழுக்கும் வகை நெம்புகோலில் அந்த இறுக்கமே வண்டியை முன்னே ஓடச் செய்யும். அதனால் முதல் வாரம் முழுவதும், வேகக் குமிழைக் குறைந்த அளவில் வைத்து, திறந்த மைதானத்தில் ‘விடு, நிற்கும்’ என்பது கைக்குப் பழகும் வரை பயிற்சி கொடுங்கள். பின்சக்கரத்தின் அருகே மோட்டாரை விடுவித்து வண்டியைத் தள்ளிச் செல்ல உதவும் நெம்புகோல் ஒன்று இருக்கும். அது விடுவிக்கப்பட்ட நிலையில் இந்த மின்காந்த பிரேக் வேலை செய்யாது. சரிவில் ஒருபோதும் அதைத் தொடக் கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

தம்பியின் அன்பு புரிகிறது. ஆனால் மடக்கும் வண்டியும் இருபத்தைந்து, முப்பது கிலோ எடை இருக்கும். அதைத் தூக்கிக் காரில் வைக்க ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றால், யாரையும் எதிர்பாராமல் போகவேண்டும் என்ற தாயாரின் ஆசை அங்கேயே முடிந்துவிடுகிறது. தம்பி அனுப்பும் பணத்தில், பழுது பார்க்க வீட்டுக்கு ஆள் அனுப்பும் விற்பனையாளரிடம், தாயாரை நேரில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பின் என் தந்தைக்கு இடது கையும் காலும் பலவீனமாக உள்ளன. இடது பக்கம் வருபவர்களைச் சில நேரம் கவனிப்பதே இல்லை. ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தால் உற்சாகம் பெறுவார் என்று நினைக்கிறோம்.
– வாசகர், மதுரை

பதில்: இப்போது வேண்டாம். கை பலவீனத்தைவிட நீங்கள் இரண்டாவதாக எழுதியிருப்பதே என்னைக் கவலைப்பட வைக்கிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடும் நிலை இருக்கும்போது, அவருக்கு அது தெரியவே தெரியாது. கண் நன்றாக இருந்தாலும் இடது புறச் சுவரும் சைக்கிளும் அவர் கவனத்துக்கு வராது. நரம்பியல் மருத்துவரிடமும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடமும் இதைச் சொல்லி முறையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அது சரியான பிறகும், இரு கைகளால் ஹேண்டிலைத் திருப்ப வேண்டிய ஸ்கூட்டரைவிட, வலக்கை ஒன்றாலேயே ஜாய்ஸ்டிக் கொண்டு இயக்கும் பேட்டரி சக்கர நாற்காலியே அவருக்குப் பொருந்தும்.

கேள்வி: எனக்கு 31 வயது. முதுகுத்தண்டுக் காயத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை. கைகள் வலுவாக உள்ளன. ஆறு கிலோமீட்டர் தொலைவில் வேலை. பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர், மொபிலிட்டி ஸ்கூட்டர், சக்கர நாற்காலியில் இணைக்கும் மோட்டார் ஆகிய மூன்றில் எது நல்லது?
– வாசகர், திருப்பூர்

பதில்: மொபிலிட்டி ஸ்கூட்டரை முதலிலேயே விலக்கிவிடுங்கள். அதன் வேகமும் இருக்கையும் ஆறு கிலோமீட்டர் சாலைப் பயணத்துக்கு உரியவை அல்ல.

இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் வேகமானது, எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தகுதியுள்ளவர்களுக்கு இதை விலையில்லாமல் வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உங்கள் அடையாள அட்டையுடனும் வேலைச் சான்றுடனும் விண்ணப்பித்துப் பாருங்கள். ஆனால் அதில் ஏறுவதற்குச் சக்கர நாற்காலியிலிருந்து மாற வேண்டும். வேலையிடத்தில் இறங்கியதும் நாற்காலி அங்கே இருக்க வேண்டும். உணர்வில்லாத கால் சூடான சைலன்சரில் பட்டால் தோல் வெந்த பிறகுதான் தெரியும். ஆகவே காலை ஒதுக்கி நிறுத்தும் தடுப்பு ஒன்றைப் பொருத்தாமல் ஓட்டாதீர்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க, நாற்காலிக்கான மெத்தையை அந்த இருக்கையிலும் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு, சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷன் நிறுவனத்தின் நியோபோல்ட். அது அதே நிறுவனத்தின் நியோஃபிளை என்ற சக்கர நாற்காலியின் முன்னால் பொருத்தப்படும் மோட்டார் இணைப்பு. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும். அந்த நாற்காலியை 18 விதங்களில் உடலுக்கேற்பத் தைத்த சட்டை போல அமைத்துத் தருகிறார்கள். வேலையிடத்தை அடைந்ததும் இணைப்பைக் கழற்றிவிட்டு அதே நாற்காலியில் உள்ளே போகலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. இடம் மாறி உட்காரும் தொல்லையே இல்லை. உங்கள் வழி கனரக வாகனங்கள் ஓடும் நெடுஞ்சாலையாக இல்லாவிட்டால் நான் இதையே பரிந்துரைப்பேன். நெடுஞ்சாலையாக இருந்தால் பெட்ரோல் ஸ்கூட்டர்தான். பின்னதற்கு ஓட்டுநர் உரிமமும் பதிவும் காப்பீடும் கட்டாயம். உரிமத்தில், உடல்நிலைக்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்ற வகை குறிக்கப்பட வேண்டும்.

கேள்வி: நீரிழிவால் அப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. செயற்கைக் காலுடன் வீட்டில் நடக்கிறார். இலண்டனில் இருக்கும் அண்ணா, அங்கே பாவித்த பெரிய நான்கு சக்கர ஸ்கூட்டர் ஒன்றை அனுப்பவா என்று கேட்கிறார். பெற்றுக்கொள்ளலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: பெற்றுக்கொள்ளலாம், ஆனால் அண்ணாவிடம் சில விவரங்களைக் கேட்ட பிறகு. பிரித்தானியாவில் இந்த வண்டிகள் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நடைபாதைக்கான இரண்டாம் வகுப்பு மணிக்கு 4 மைல், அதாவது 6.4 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்டது. மூன்றாம் வகுப்பு வீதியில் 8 மைல், அதாவது 12.8 கிலோமீட்டர் வரை போகலாம். நடைபாதையில் அதுவும் 4 மைலுக்குள் ஓட வேண்டும். அண்ணா குறிப்பிடுவது மூன்றாம் வகுப்பாகத்தான் இருக்கும். அந்த வகையில் பெரும்பாலான வண்டிகள் 100 கிலோவைத் தாண்டும் எடையுள்ளவை. பழுதானால் தள்ளி வருவதற்கு இருவர் வேண்டும்.

யாழ்ப்பாணம் சமதரை என்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம். ஏற்றம் ஏறி பேட்டரி களைக்காது. மணல் நிறைந்த ஒழுங்கைகளில் சிறு சக்கர வண்டி புதைந்துவிடும். பெரிய சக்கரமுள்ள இந்த வண்டி சமாளிக்கும். மின்னழுத்தமும் இரு நாடுகளிலும் ஒன்றுதான், 230 வோல்ட். ஆகவே அங்கிருந்து வரும் மின்னேற்றி இங்கே வேலை செய்யும். பேட்டரியை மட்டும் அங்கிருந்து எதிர்பார்க்காதீர்கள். பாவித்த வண்டியின் பேட்டரி பெரும்பாலும் தன் காலத்தைக் கழித்திருக்கும். அதன் வோல்ட், ஆம்பியர்-மணி, நீள அகல உயரம் ஆகியவற்றைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அதே அளவு உள்ளூரில் கிடைக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் வண்டியே வேண்டாம். பேட்டரி கழற்றிய வண்டியைக் கப்பலில் அனுப்புவதே எளிது. அண்ணா விமானத்தில் கொண்டுவர நினைத்தால், கழற்றும் லித்தியம் பேட்டரி 300 வாட்-மணிக்கு மிகக் கூடாது என்பது விமான விதி. பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, எல்லைக்குள் அடங்கிவிடும். பெரிய வண்டிகளின் பேட்டரி அதைப் பலமடங்கு தாண்டும்.

அப்பாவுக்காக ஒன்றைக் கூடுதலாகச் செய்யுங்கள். செயற்கைப் பாதம் வண்டியில் கால் வைக்கும் மேடையிலிருந்து நழுவினால் அவருக்கு உணர்வு தெரியாது; குலுங்கும் வீதியில் அது வெளியே தொங்கிச் சக்கரத்திலோ மதிலிலோ சிக்கலாம். மேடையின் வலது ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு விளிம்பும், தளத்தில் வழுக்காத ரப்பர் விரிப்பும் உள்ளூர் இரும்பு ஒட்டு (வெல்டிங்) வேலைக்காரரே ஒரு நாளில் பொருத்திவிடுவார். வண்டி வந்து இறங்கியதும் முதல் வேலையாக அதைச் செய்து முடித்துவிட்டு அப்பாவை ஏற்றுங்கள்.