ஜன்னலுக்கு வெளிய ஏன் வெள்ளையா போகுது?

கேள்வி: புது வீட்டு ஹால்ல பெரிய கண்ணாடி ஜன்னல், வெளிய எங்க தென்னந்தோப்பு. போன்ல எடுத்தா ஹால் நல்லா விழுது, தோப்பு வெள்ளையா போயிருது. தோப்பு தெரிஞ்சா ஹால் இருட்டு. புஸ்தகத்துல வர்ற வீட்டு போட்டோல மட்டும் எப்படிங்க ரெண்டும் தெரியுது?
- வாசகி, கோபி

பதில்: இதுல கில்லாடி ஜூலியஸ் ஷுல்மன்னு ஒரு அமெரிக்காக்காரருங்க அம்மிணி, 1910ல பொறந்து 2009 வரைக்கும் இருந்தவரு. 1936ல ரிச்சர்ட் நியூட்ரா டிசைன் பண்ணுன ஒரு வீட்ட பாக்கெட்ல போடற சின்ன கோடாக் கேமராவுல சும்மா எடுத்தாரு, படத்த பாத்த நியூட்ரா அப்பறம் அவர விடவே இல்ல, தொழிலே அதுவாயிருச்சு.

1960ல எடுத்த படம்தான் ரொம்ப பேமஸ். லாஸ் ஏஞ்சலஸ்ல மலை ஓரத்துல பியர் கோனிக் கட்டுன கண்ணாடி வீடு, உள்ள ரெண்டு பொண்ணுங்க உக்காந்து பேசிட்டு இருக்காங்க, கீழ ஊரு பூரா லைட்டு. ஒரே க்ளிக்னு நெனைப்பீங்க. வீட்டு லைட்ட எல்லாம் ஆஃப் பண்ணி, பொண்ணுங்கள இருட்டுலயே அசையாம உக்கார வெச்சு, ஊரு வெளிச்சம் பிலிம்ல ஏறட்டும்னு ஷட்டர ஏழு நிமிஷம் போல தொறந்து வெச்சிருக்காரு, உருண்டை விளக்குல சாதா பல்ப கழட்டிட்டு ஃப்ளாஷ் பல்பு மாட்டியாச்சு, கடைசில அது பளிச்சுனு ஒரு தடவை எரிஞ்சதுல வீடும் ஆளும் அதே பிலிம்ல விழுந்துருச்சு.

உங்களுக்கு அத்தன பாடு வேண்டாமுங்க. பொழுதோட, சூரியன் எறங்குன கொஞ்ச நேரத்துல, ஹால் லைட்ட போட்டுட்டு போன ஸ்டாண்டுல வெச்சு எடுங்க, உள்ளயும் வெளியவும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒண்ணா வரும். 1947ல பாம் ஸ்பிரிங்ஸ்ல காஃப்மன் வீட்ட அவரு எடுத்ததும் இந்த நேரத்துலதான். நீச்சல் குளத்து லைட்டு கேமராவுக்கு கூசுதுன்னு வீட்டுக்காரம்மாவையே குறுக்க படுக்க வெச்சுட்டாரு!

கேள்வி: அப்ப எல்லாமே செட்டப்தானுங்களே?
- சிவில் இன்ஜினியர், ஈரோடு

பதில்: செட்டப்பேதானுங்க. அந்த கண்ணாடி வீட்டுல அப்ப வேலையே முழுசா முடியல, சோபா நாற்காலியெல்லாம் வெளிய இருந்து வந்தது. செடிகொடி இல்லாத புது வீடுன்னா ஒரு கொப்ப ஒடிச்சுட்டு வந்து லென்ஸ் முன்னால புடிக்கச் சொல்லிருவாரு, படத்துல தோட்டம் வந்துரும். எனக்கு இதுல பெருசா குத்தம் தெரியல, கல்யாண ஆல்பத்துல நாம பண்ணாததா. வம்பு எங்கன்னா, அத பாத்துட்டு மேக்கால செவுரு பூரா கண்ணாடி வேணும்னு பார்ட்டி வந்து நிப்பாங்க, சித்திரை வெயில்ல கரண்டு பில்ல பாத்துட்டு உங்களத்தான் திட்டுவாங்க. அதே படத்துல மேல பாருங்க, கூரை கண்ணாடிய தாண்டி வெளிய நல்லா நீண்டுட்டு இருக்கும். அத மொதல்ல காட்டுங்க.

கேள்வி: அவரு படமெல்லாம் இப்ப எங்க இருக்கு?
- மாணவர், பெருந்துறை

பதில்: லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல. 2005ல வாங்கிட்டாங்க, நெகட்டிவ் பிரிண்ட் எல்லாம் சேத்து 2,60,000 போல. நெட்லயே நெறைய பாக்கலாமுங்க தம்பி.