ரெஸ்யூம் தேடலில் "நாட்" என்பதைக் கடைசியாகத் தொடுங்கள்

ரெஸ்யூம் தரவுத்தளத்தில் ஆள் தேடினால் ஒன்று நாலாயிரம் பேர் வந்து நிற்கிறார்கள், இல்லாவிட்டால் நாலு பேர்கூட வருவதில்லை. ஆண்ட் (இரண்டு சொல்லும் இருக்க வேண்டும்), ஆர் (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), நாட் (இந்தச் சொல் இருக்கக் கூடாது) ஆகிய தேடல் ஆபரேட்டர்களை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்சேர்ப்பில் இவற்றோடு அன்றாடம் புழங்கும் அனுபவத்தில் சொல்கிறேன்: நாலாயிரம் பேர் வருவது பெரிய சிக்கல் அல்ல, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. தகுதியுள்ள ஒருவரைத் தேடலே கழித்துவிட்டால் அது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆகவே எதைச் சேர்ப்பது என்பதைவிட, நான் எழுதும் ஒவ்வொரு சொல்லும் யாரை வெளியே தள்ளுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

வேலை அறிவிப்பில் உள்ள சொற்களை அப்படியே தேடல் கட்டத்தில் ஒட்டுவது பலரும் செய்யும் தவறு. அறிவிப்பை எழுதியது நிறுவனம். ரெஸ்யூமை எழுதியது வேறொருவர். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் கணக்காளர் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் "பேரோல்" என்று எழுதியிருப்பார், இன்னொருவர் அதையே "பே ரோல்" என்று பிரித்து எழுதியிருப்பார், மற்றொருவர் "சேலரி ப்ராசஸிங்" என்பதோடு நிறுத்தியிருப்பார். இம்மூன்றையும் "ஆர்" போட்டு இணைத்து ஒரே அடைப்புக்குறிக்குள் வைத்தால்தான் மூவரும் கிடைப்பார்கள். இந்த மாற்றுச் சொற்களை நான் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அதே வேலையை ஏற்கெனவே செய்துவரும் இரண்டு மூன்று பேரின் ரெஸ்யூம்களைத் திறந்து, அவர்கள் கையாண்ட சொற்களையே குறித்துக்கொள்கிறேன்.

அடைப்புக்குறியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். "பேரோல் ஆண்ட் அக்கவுன்டன்ட் ஆர் புக்கீப்பர்" என்று எழுதினால், பல தளங்கள் ஆண்டை முதலில் கணக்கில் எடுத்து, பேரோல் தெரிந்த கணக்காளர்களையும், அவர்களோடு பேரோலே தெரியாத எல்லா புக்கீப்பர்களையும் சேர்த்துக் கொட்டிவிடும். நீங்கள் சொல்லும் நாலாயிரத்தில் பெரும்பகுதி இப்படி வந்ததாக இருக்கலாம். பின்னிரண்டு சொற்களையும் அடைப்புக்குறிக்குள் போட்டாலே போதும்.

சேர்ந்தே வர வேண்டிய சொற்களுக்கு இரட்டை மேற்கோள்குறி இட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அந்தக் குறி வளைந்த வடிவத்துக்கு மாறிவிடுவதும், சில தளங்கள் அந்த வளைந்த குறியை மேற்கோளாகவே ஏற்காததும் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒரு முற்பகல் முழுவதையும் இதற்குப் பறிகொடுத்த பிறகு, தேடல் வரிகளை நோட்பேடில் மட்டுமே எழுதிவைக்கிறேன். ஒரு சொல்லின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து, அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேட உதவும் நட்சத்திரக் குறியிலும் கவனம் வேண்டும். "அக்கவுன்ட்" என்பதன் பின்னால் அதை இட்டால் அக்கவுன்டன்ட், அக்கவுன்டிங் ஆகியவற்றோடு, "கீ அக்கவுன்ட்" எனப்படும் முக்கிய வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்ளும் விற்பனைப் பிரிவினரும் வரிசையில் வந்துவிடுவார்கள்.

இனி "நாட்". இளநிலைக் கணக்காளர்களைத் தேடிய ஒரு முறை, மேலாளர்கள் வேண்டாம் என்பதற்காக "நாட் மேனேஜர்" என்று சேர்த்தேன். பட்டியல் அழகாகச் சுருங்கியது. அதற்கு முந்தைய வாரம் நானே பதிவேற்றிய ஒரு ரெஸ்யூம் அதில் இல்லாததைத் தற்செயலாகக் கவனித்தேன். திறந்து பார்த்தால், "ஃபைனான்ஸ் மேனேஜரின் கீழ்ப் பணியாற்றினேன்" என்று அவர் எழுதியிருந்தார். யாருக்குக் கீழே வேலை பார்த்தோம் என்று நேர்மையாக எழுதிய இளையவர்கள் அத்தனை பேரையும் அந்த ஒரு சொல் துடைத்துப் போட்டிருந்தது. கழித்தே தீர வேண்டும் என்றால், முழு ரெஸ்யூமிலும் கழிக்காமல், தளத்தில் தற்போதைய பதவி என்று தனிப் புலம் இருந்தால் அதில் மட்டும் கழியுங்கள்.

"நாட்" உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. முதலில் எல்லா நிபந்தனைகளையும் வைத்து இறுக்கமாகத் தேடி, வந்தவர்களைப் பார்த்து முடியுங்கள். பிறகு ஒரு நிபந்தனையை, எடுத்துக்காட்டாக ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் பெயரை, "நாட்"டுக்குப் பின்னால் நகர்த்தி மீண்டும் தேடினால், ஏற்கெனவே பார்த்தவர்கள் விலகி, அந்த மென்பொருளின் பெயரை எழுதாதவர்கள் மட்டும் வருவார்கள். என் அனுபவத்தில் நல்ல ஆட்கள் சிலர் இந்த இரண்டாம் சுற்றில்தான் அகப்பட்டிருக்கிறார்கள்.

எல்லாத் தளங்களுக்கும் இலக்கணம் ஒன்றல்ல. லிங்க்ட்இன்னில் ஆபரேட்டர்களை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும், நட்சத்திரக் குறி அங்கே செல்லாது. கூகுளில் "நாட்"டுக்குப் பதிலாகச் சொல்லை ஒட்டி முன்னால் கழித்தல் குறி. புதிய தரவுத்தளம் கைக்கு வந்தால் உதவிப் பக்கத்தைப் படிப்பதோடு, உள்ளே இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு ரெஸ்யூமை வைத்து ஒவ்வொரு குறியையும் சோதித்துப் பார்த்துவிடுங்கள். அந்த ரெஸ்யூம் எந்தச் சொல்லுக்கும் அகப்படவில்லை என்றால், அது ஸ்கேன் செய்த படமாக ஏற்றப்பட்டதா என்று பாருங்கள். படத்தில் தெரியும் எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி வழியாகப் போகாத படத்துக்குள் எந்த ஆபரேட்டராலும் தேட முடியாது.