பம்பிங் குறைந்த இதயம்: ஸ்டென்ட்டா, பைபாஸா, மாத்திரையா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம். மூன்று குழாயிலும் அடைப்பு. நெஞ்சுவலி இல்லை, நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஸ்டென்ட் வைத்தால் பம்பிங் ஏறுமா டாக்டர்?

பதில்: ரத்தம் போதாமல் சோர்ந்த தசை, அடைப்பை நீக்கினால் விழித்துக்கொள்ளும் என்று நாங்களும் வெகுகாலம் நம்பினோம். 2022-இல் வெளியான பிரிட்டனின் ரிவைவ்ட் ஆய்வு அதைச் சோதித்தது. பம்பிங் 35 அல்லது அதற்கும் கீழே இருந்த 700 பேரில் ஒரு பாதிக்கு மாத்திரையோடு ஸ்டென்ட், மறுபாதிக்கு மாத்திரை மட்டும். சுமார் மூன்றரை வருடத்தில் இறந்தவர்களும் ஹார்ட் ஃபெயிலியரால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 37.2 சதவீதம், மற்றவர்களில் 38. பம்பிங்கிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பைபாஸ் விஷயம் வேறு. இதேபோல் பம்பிங் குறைந்த 1,212 பேர் கலந்துகொண்ட ஸ்டிச் ஆய்வில் முதல் ஐந்து வருடம் மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பத்து வருடத்தில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 66 சதவீதம் பேரும், பைபாஸும் செய்தவர்களில் 59 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். அப்பாவின் வயதுக்கும் மூன்று குழாய் அடைப்புக்கும் பைபாஸ் பற்றி அறுவை நிபுணரிடம் அவசியம் பேசுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 82. கிட்னியும் பலவீனம். பைபாஸ் வேண்டுமா?

பதில்: ஆபத்து முதல் மாதத்திலேயே வருகிறது, பலன் பல வருடம் கழித்துத்தான். நான் வற்புறுத்த மாட்டேன். மாத்திரைக்கும் அடங்காத நெஞ்சுவலி இருந்தால் மட்டும் ஸ்டென்ட் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: தசைக்கு உயிர் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: எல்லோருக்கும் வேண்டாம். யாருக்குப் பலன் கிடைக்கும் என்பதை இந்த ஸ்கேன் பிரித்துக் காட்டவில்லை. இரண்டு ஆய்விலும் அப்படித்தான்.

கேள்வி: அப்படியானால் மாரடைப்பு வந்தாலும் மாத்திரை போதுமா?

பதில்: போதாது! திடீர் மாரடைப்பில் அடைத்த குழாயை உடனே திறக்க வேண்டும். மேலே சொன்னதெல்லாம் நாள்பட்ட அடைப்புக்கு.

கேள்வி: கணவருக்கு பிபி 100-தான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டோம். சரிதானே?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள் அம்மா. தலைசுற்றல் இல்லையென்றால் 100 பரவாயில்லை. சாக்குபிட்ரில்-வல்சார்டன், பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், டாபாக்ளிஃப்ளோசின் என்ற இந்த நான்கும் ஆயுளைக் கூட்டுகின்றன. தலைசுற்றினால் உங்கள் டாக்டர் அளவைக் குறைப்பார். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டபின் மறுபடி எக்கோ எடுங்கள். அப்போதும் 35-ஐத் தாண்டவில்லை என்றால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி பற்றிக் கேளுங்கள்.