கல்லாகிப்போன மரம் பழங்காலத் தட்பவெப்பத்தை எப்படிக் காட்டும்?

தாவரப் புதைபடிவங்களை ஆராயும் நிலவியலாளரால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய தட்பவெப்பத்தை எப்படிச் சொல்ல முடிகிறது என்ற கேள்விக்கு, பிரிட்டன் நிலவியலாளர் ஜேன் பிரான்சிஸின் ஆய்வு வாழ்க்கையே சிறந்த விடை என்று கருதுகிறேன்.

அவர் தொடக்கத்தில் ஆராய்ந்தது, தென் இங்கிலாந்தின் பர்பெக் பகுதியில் கல்லாகிக் கிடக்கும் ஜுராசிக் காலத்து ஊசியிலை மரங்களை. மரம் கல்லாகும்போது கனிமங்கள் செல்களுக்குள் புகுந்து படிவதால், அதன் வளர்ச்சி வளையங்கள் அழியாமல் நிற்கின்றன. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அவற்றை எண்ணவும் அளக்கவும் முடியும். பர்பெக் மரங்களின் வளையங்கள் குறுகியும் ஆண்டுக்காண்டு மாறுபட்டும் இருந்ததைக் கொண்டு, அங்கே இன்றைய மத்தியதரைக் கடற்பகுதியைப் போல் வறண்ட கோடையும் மழைபெய்யும் குளிர்காலமும் நிலவின என்று அவர் முடிவுசெய்தார்.

பின்னர் அவருடைய கவனம் துருவங்களுக்குத் திரும்பியது. இன்று பனி மூடிய அண்டார்டிகாவில் ஒருகாலத்தில் காடுகள் இருந்தன என்பதே வியப்பு. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே தோன்றாத இடத்தில் அவை வளர்ந்தன என்பது அதைவிடப் பெரிய வியப்பு. பழங்கால வெப்பநிலைக்கு இலைகளின் புதைபடிவங்களும் சான்று தருகின்றன: ஓரம் பல்லில்லாமல் வழுவழுப்பாக உள்ள இலைகளைக் கொண்ட மரவகைகளின் விகிதம் வெப்பமான இடங்களில் கூடுதலாக இருக்கும்.

துருவப் பகுதி ஆய்வுக்காகப் பிரிட்டன் வழங்கும் போலார் பதக்கத்தை 2002இல் பெற்ற அவர், 2013இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரானார்.