டேங்கின் வலப்பக்கத்தில் மட்டும் பெயிண்ட் உரிவது ஏன்?

கேள்வி: என் மோட்டார்சைக்கிளுக்கு 7 வயதாகிறது. எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடி வாகன நிறுத்துமிடத்தில்தான் இரவில் நிறுத்துகிறேன். சென்ற மாதம் முன்பிரேக் பேட்களை மாற்றிய சில நாள்களில், பெட்ரோல் டேங்கின் வலப்பக்கத்தில் பெயிண்ட் சுருங்கி, நகம் பட்டாலே உரிந்து வந்தது. இப்போது இன்னொரு கோடும் தோன்றியிருக்கிறது. பக்கத்தில் வண்டி நிறுத்துபவருக்கும் எனக்கும் இடத்தகராறு உண்டு. அவர் எதையேனும் ஊற்றியிருப்பாரா?
– வாசகர், யீஷூன்

பதில்: அவரைச் சந்தேகிக்கும் முன் உங்கள் முன்பிரேக்கைச் சந்தேகியுங்கள். அதைப் பார்த்து முடிக்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எவரேனும் தின்னரையோ அமிலத்தையோ வீசியிருந்தால், இருக்கையிலும் பக்க மூடிகளிலும் துளிகள் சிதறியிருக்கும். பெட்ரோல் வழிந்திருந்தால் கறை டேங்க் மூடியைச் சுற்றித் தொடங்கும். உள்ளிருந்து துரு அரித்திருந்தால், தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால், அடிப்பகுதியில்தான் முதலில் கொப்புளம் எழும். கிள்ளினால் பழுப்புத் தூள் உதிரும். பெயிண்ட் இளகிச் சுருங்குவதும் ஒரே பக்கத்தில் கோடாக வழிந்து இறங்குவதும் பிரேக் எண்ணெயின் வேலை. டாட் 3, டாட் 4 வகை எண்ணெய்கள் பெயிண்டில் பட்டுச் சற்று நேரம் நின்றாலே அதை இளக்கிவிடும்.

முன்பிரேக்கின் எண்ணெய்க் கிண்ணம் வலக் கைப்பிடியை ஒட்டி இருக்கிறது. ஹேண்டிலை வலப்புறம் முழுவதும் திருப்பி, கிண்ணம் கறைக்கு மேலே வந்து நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடியின் விளிம்பிலும் லீவரின் அடியிலும் விரலால் தடவுங்கள். பிசுபிசுப்பு தட்டுப்பட்டால் ஐயத்துக்கு இடமே இல்லை.

பேட் மாற்றியதை நீங்கள் குறிப்பிட்டது நல்லதாயிற்று. பேட் தேயத் தேயக் கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் இறங்கும். இடையில் யாராவது அதை நிரப்பி வைத்திருந்தால், புதிய பேட் பொருத்துவதற்காகக் காலிப்பரின் (பேட்களைச் சக்கரத் தட்டின்மீது அழுத்தும் பாகம்) பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது, மிகுதியான எண்ணெய் மேலே ஏறி வழிந்துவிடும். முதல் கறை அப்படி வந்திருக்கலாம். எனக்குக் கவலை தருவது இரண்டாவது கோடுதான், ஏனெனில் அது கசிவு இன்னும் நிற்கவில்லை என்று காட்டுகிறது. மூடியின் அடியிலுள்ள ரப்பர் சரியாக அமராமல் இருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் (லீவரை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் பாகம்) சீல் தேய்ந்திருக்கலாம். கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் குறைந்தபட்ச அளவுக்கோட்டைவிட இறங்கியிருந்தாலோ, லீவர் பஞ்சுபோல் அமுங்கினாலோ, வண்டியை ஓட்டிச் செல்லாமல் லாரியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்புங்கள். ஆண்டுச் சோதனையில் தேறிய வண்டிதானே என்று இருந்துவிடாதீர்கள்; சீல் அதற்கு மறுநாளே பழுதாகலாம்.

பிரேக் எண்ணெய் தண்ணீரில் கரையும் என்பதால், கறை பட்ட இடத்தை இன்றே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் அது பரவும். கசிவை நிறுத்திய பிறகே பெயிண்ட் அடிக்கக் கொடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும், ஆகவே அதுவரை பிரைமராவது பூசி வையுங்கள்.