கொக்கோஸ் தீவில் இறங்கினால் அவுஸ்திரேலியாவா?

கேள்வி: முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருக்கிறோம். மகனுக்கு 23 வயது. கொக்கோஸ் தீவு கிட்டத்தான், அங்கே இறங்கினால் அவுஸ்திரேலியாவில் இறங்கின மாதிரி, தென்னையும் மீனும் இருக்கு, எங்கட ஊர் போலத்தான் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருக்கிறார். காணியை ஈடு வைக்கச் சொல்லி மகன் நிற்கிறான். அந்தத் தீவு உண்மையில் எப்படிப்பட்டது?

பதில்: அம்மா, தென்னையும் மீனும் இருப்பது சரி. மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மகனின் பழைய பள்ளிக்கூட அட்லசை எடுங்கள். முல்லைத்தீவிலிருந்து தென்கிழக்காக நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் வரும். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போகும் தூரத்தைப் போல ஒன்பது மடங்கு. இலங்கைக் கரையை விட்ட பிறகு அந்தக் கோட்டில் ஒதுங்க ஒரு திட்டுக்கூட இல்லை. அதோடு, நிலநடுக்கோட்டைத் தாண்டி அந்தத் தீவை நெருங்க நெருங்க, வருடத்தில் பெரும்பகுதி வீசுவது தென்கிழக்குக் காற்று. போகிற படகுக்கு அது நேர் எதிர்க்காற்று. கடலுக்குப் போய்வந்த எவரையும் கேளுங்கள், அது என்ன பாடு என்று சொல்வார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். இவ்வளவும் தாண்டிப் போய்ச் சேர்ந்தாலும், அங்கிருந்து பேர்த் நகரம் இன்னும் கிட்டத்தட்ட அதே அளவு தூரம்.

தீவு என்றதும் மன்னாரையோ நெடுந்தீவையோ நினைக்கவேண்டாம். கொக்கோஸ் என்பது 27 சிறு பவளத்தீவுகள். அவற்றில் 26 ஒரு களப்பைச் சுற்றி வளையமாகக் கிடக்கின்றன. வடக்கே தனியே கிடக்கும் ஒன்றில் ஆட்களே இல்லை, கடற்பறவைகளுக்கான தேசியப் பூங்கா அது. எல்லாத் தீவையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 14 சதுர கிலோமீற்றர்தான். பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே நிற்கிறது. 1836இல் டார்வின் இங்கே வந்து பார்த்துத்தான், எரிமலை மெல்ல அமிழ அதன் மேல் பவளம் வளர்ந்து இப்படி வளையமாகிறது என்ற தன் கருத்துக்கு வலுச் சேர்த்தார்.

தண்ணீர்தான் முக்கியம். அங்கே வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது, வன்னியைவிட அதிகம். ஆனால் ஆறில்லை, இரணைமடு மாதிரி ஒரு குளமுமில்லை. மழைநீர் பவள மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. உங்கள் கரையோர மணற்கிணறும் அப்படித்தானே? வாளியால் அள்ளினால் நல்ல தண்ணீர், மோட்டார் போட்டு இழுத்தால் உவர். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்தது உங்களுக்கு மறந்திருக்காது. அதே நிலை அங்கே எப்போதும் பக்கத்தில் நிற்கிறது.

ஆட்கள் மொத்தம் ஏறத்தாழ 600 பேர். ஹோம் தீவில் மலாய் முஸ்லிம்கள். 1820களில் தென்னந்தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தீவை ஆண்டு, தானே அடித்த ரூபா வில்லைகளில் கூலி கொடுத்தது. 1955இல் தீவு அவுஸ்திரேலியாவுக்குக் கைமாறியது, 1984இல் மக்கள் அதனோடு இணைய வாக்களித்தார்கள். வெஸ்ட் தீவில் விமான ஓடுபாதையும் அரச ஊழியர்களும். அரிசி, மரக்கறி முதற்கொண்டு கப்பலிலும் விமானத்திலும் வரவேண்டும். புதிதாக ஒருவர் போய் வேலை தேடிப் பிழைக்கிற இடமல்ல.

நாங்கள் கெட்டிக்காரத் தந்திரக்காரனை ‘எம்டன்’ என்கிறோமே, 1914 செப்டெம்பரில் சென்னையில் குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பல், நவம்பர் 9ஆம் திகதி இந்தத் தீவுகளில்தான் அடிபட்டுத் தரைதட்டியது. எம்டனுக்கே அங்கேதான் முடிவு.

சரி, சட்டத்துக்கு வருவோம். நிலம் அவுஸ்திரேலியாவுடையதுதான். ஆனால் விசா இல்லாமல் படகில் வருபவர்கள் அங்கே கால் வைத்தாலும் புகலிட விண்ணப்பம் போடும் உரிமை தானாக வராதபடி 2001இலேயே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். 2012இல் இலங்கைப் படகுகள் பல அங்கே போனது உண்மை, ஏஜென்சிக்காரர் இன்னமும் அந்தக் கதையை வைத்துத்தான் ஆள் சேர்க்கிறார். 2013 ஜூலைக்குப் பிறகு படகில் வருபவர்களை அங்கே குடியேற விடுவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. கடலிலேயே மறித்துத் திருப்புகிறார்கள். 2014 ஜூலையில் 41 பேரை மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் வைத்து இலங்கைக் கடற்படையிடம் கையளித்தார்கள். அனுமதியில்லாத வழியால் நாட்டைவிட்டுப் போனது இங்கே குற்றம், வழக்கும் வரும்.

ஆகவே காணி உறுதியைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மகன் வெளியே போய்த்தான் உழைக்கவேண்டும் என்றால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கொடுத்த அனுமதி இலக்கத்தை அந்த ஏஜென்சிக்காரரிடம் கேளுங்கள். படகுக்கு ஆள் சேர்ப்பவரிடம் அது இருக்காது.