இரண்டு நேரம் காட்டும் கைக்கடிகாரங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். அவள் இருக்கும் ஊரின் நேரத்தையும் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்க விரும்புகிறேன். ஜிஎம்டி (கிரீன்விச் சராசரி நேரம்) என்ற பெயரில் வரும் இரட்டை நேர வாட்ச்களில் ‘ஃபிளையர்’ (பறப்பவர்), ‘காலர்’ (அழைப்பவர்) என்று இரண்டு வகை உண்டாமே? எனக்கு எது பொருந்தும்?

பதில்: தங்களுக்குக் காலர் வகையே பொருந்தும். இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் பலர் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இவ்வகைக் கடிகாரங்களில் மணி, நிமிட, நொடி முட்களோடு நான்காவதாக ஒரு முள் இருக்கும். வழக்கமான மணி முள் நாளொன்றுக்கு இரண்டு முறை சுற்றிவர, இந்த நான்காவது முள் ஒரே ஒரு முறைதான் சுற்றும். 24 பிரிவுகள் கொண்ட வளையத்தில் அதைப் பார்த்துப் படிப்பதால், மறுமுனையில் இப்போது பகல் மூன்று மணியா, விடியற்காலை மூன்று மணியா என்ற குழப்பத்துக்கு இடமே இல்லை. தொலைபேசியைக் கையில் எடுக்கும் முன்பு ஒரு தாயோ தந்தையோ அறிய விரும்புவது முதலில் இதைத்தானே!

காலர் வகையில் இந்த 24 மணி முள்ளை மட்டும் தனியாக நகர்த்தலாம். ஈடிஏ 2893-2, செய்கோ 4ஆர்34 ஆகிய இயந்திரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. கடிகாரத்தின் பக்கவாட்டுத் திருகை முதல் நிலைக்கு இழுத்து ஒரு பக்கம் சுற்றினால் தேதி மாறும். மறுபக்கம் சுற்றினால் நான்காவது முள் ஒவ்வொரு மணியாகத் தாவும். உள்ளூர் நேரம் சிறிதும் அசையாது. மகள் வசிக்கும் நாட்டில் கோடைக்கால நேர மாற்றம் நடைமுறையில் இருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறை அந்த முள்ளை ஒரு மணி நகர்த்தினால் போதும்.

ஃபிளையர் வகையில் இது தலைகீழ். அங்கே தனியாகத் தாவுவது வழக்கமான மணி முள். 24 மணி முள் சொந்த ஊரின் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விமானத்திலிருந்து இறங்கியவர் கடிகாரத்தை நிறுத்தாமல், ஒரு நொடியும் தவறவிடாமல், மணி முள்ளை மட்டும் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். நள்ளிரவைத் தாண்டி முன்னும் பின்னும் நகர்த்தும்போது பெரும்பாலானவற்றில் தேதியும் உடன் மாறும். ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2, டியூடர் பிளாக் பே ஜிஎம்டி ஆகியவை இப்படிப்பட்டவை. மியோட்டா 9075 இயந்திரம் வந்த பிறகு விலை குறைந்த கடிகாரங்களிலும் இவ்வசதி கிடைக்கிறது. ஆனால் இவ்வகையில் 24 மணி முள்ளை மாற்ற, திருகை முழுவதும் இழுத்துக் கடிகாரத்தை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். சேகரிப்பாளர்களில் சிலர் ஃபிளையர் மட்டுமே உண்மையான ஜிஎம்டி என்று வாதிடுவார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஊர் விட்டு ஊர் போகிறவருக்கு ஃபிளையரும், இருந்த இடத்திலிருந்து வேறொருவரின் பொழுதை அறிய விரும்புகிறவருக்குக் காலரும் ஏற்றவை.

கேள்வி: நான் கணக்கில் கொள்ள வேண்டிய நேர வேறுபாடு முழு மணிகளாக இல்லாமல் அரை மணியும் சேர்ந்து வருகிறது. ஜிஎம்டி கடிகாரத்தால் எனக்குப் பயன் உண்டா?

பதில்: உண்டு. நிமிட முள் இரண்டு நேரங்களுக்கும் பொதுவானது என்பதாலும், நான்காவது முள் பெரும்பாலும் முழு மணிகளாகவே தாவும் என்பதாலும் இந்தச் சிக்கல் எழுகிறது. கிரீன்விச்சிலிருந்து ஈரான் மூன்றரை மணி, ஆப்கானிஸ்தான் நாலரை மணி, இந்தியா ஐந்தரை மணி, மியான்மர் ஆறரை மணி முன்னே செல்கின்றன. நேபாளமோ ஐந்தே முக்கால் மணி. சுழலும் வெளிவளையம் கொண்ட கடிகாரமாகப் பார்த்து வாங்குங்கள். அந்த வளையம் ஒரு சுற்றுக்கு 48 படிகள் கொண்டதாகவோ, படிகளே இல்லாமல் வழுக்கிச் சுழல்வதாகவோ இருந்தால், அதை அரை மணி தள்ளி வைக்க முடியும். நான்காவது முள்ளை உள்ளூர் நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முன்னே செல்லும் நாடாக இருந்தால், வளையத்தை இடஞ்சுழியாக அந்த வேறுபாட்டின் அளவுக்குத் திருப்ப வேண்டும். உள்ளூரில் சரியாக மணி அடிக்கும்போது நான்காவது முள் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்பதைக் காண்பீர்கள். அதுவே அந்த அரை மணி.

இந்தியாவுக்கும் லண்டனுக்கும் இடையே குளிர்காலத்தில் மட்டும் பலிக்கும் ஒரு பழைய உத்தியும் இருக்கிறது. இந்திய நேரம் காட்டும் சாதாரண முள் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தால், ஏறத்தாழ லண்டன் நேரம் தெரியும். மாலை ஐந்தரையைத் தலைகீழாகப் பாருங்கள்: நிமிட முள் உச்சியிலும், மணி முள் பன்னிரண்டை ஒட்டியும் நிற்கும். லண்டனில் அப்போது நண்பகல்.

பல நாடுகளையும் ஒருசேரப் பார்க்க விரும்பினால், ஜெனீவாவைச் சேர்ந்த கடிகாரக் கலைஞர் லூயி கோட்டியே 1931-இல் வடிவமைத்த உலக நேரப் பொறியமைப்பின் வழிவந்த கடிகாரங்கள் உள்ளன. பழையவை முழு மணி வேறுபாடுகளை மட்டுமே காட்டின. வஷெரோன் கான்ஸ்டன்டின் நிறுவனத்தின் டிரடிஷனல் வேர்ல்டு டைம், அரை மணி, கால் மணி மண்டலங்களையும் சேர்த்து 37 மண்டலங்களைக் காட்டுகிறது.

கேள்வி: 1950-களைச் சேர்ந்த பழைய ஜிஎம்டி கடிகாரம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. எண்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ளது. வாங்கலாமா?

பதில்: அக்காலத்துக் கடிகாரங்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. கண்டங்களைக் கடந்து பறந்த விமானிகளுக்கு இரண்டு நேரங்களும் ஒரே பார்வையில் வேண்டியிருந்தன. அத்தேவையிலிருந்தே 1953-இல் கிளைசின் ஏர்மேனும், அதற்குச் சிறிது பின்னர், பான் அமெரிக்கன் விமான நிறுவனத்தின் விமானிகளுக்கென ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டரும் பிறந்தன. அந்த முதல் ஜிஎம்டி மாஸ்டரில் 24 மணி முள் மணி முள்ளோடு பிணைக்கப்பட்டிருந்தது. வளையத்தைத் திருப்பித்தான் இரண்டாவது நேரத்தைப் படிக்க முடியும். ஆகவே அக்காலத்துக் கடிகாரத்தில் முட்கள் தனித்தனியே நகரவில்லை என்பது பழுது அல்ல.

கவனம் வேண்டிய இடம் அந்தப் பூச்சுதான். அக்காலப் பூச்சுகளில் ரேடியம் இருந்தது. தொடக்க கால ஜிஎம்டி மாஸ்டர்களில் பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆன வளையத்தின் எண்களிலும் ரேடியம் இருந்தது; அந்த வளையம் எளிதில் விரிசல் விட்டதால் பின்னர் அலுமினிய வளையம் வந்தது. பூச்சு இப்போது ஒளிரவில்லை என்பதால் கதிர்வீச்சும் ஓய்ந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம்: ஒளிரும் வேதிப்பொருள்தான் தேய்ந்துபோகிறது, ரேடியத்தின் அரைவாழ்வுக் காலமோ ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். உதிர்ந்த துகளைச் சுவாசிப்பதும் விழுங்குவதும் ஆபத்து. எனவே வாங்கினால் தாங்களாக ஒருபோதும் மூடியைத் திறக்காதீர்கள். ரேடியத்தைக் கையாளப் பழகிய கடிகாரப் பழுதுநரிடம் மட்டுமே கொடுங்கள். வளையம் விரிசல் விட்டிருந்தாலோ, பூச்சு பொடிந்து டயல்மீது சிதறியிருந்தாலோ, எவ்வளவு அரிய கடிகாரமாக இருந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: பேட்டரியில் இயங்கும் குவார்ட்ஸ் ஜிஎம்டி, சேகரிப்பில் வைக்கத் தகுதியற்றதா?

பதில்: தகுதியுள்ளதே. கிராண்ட் செய்கோவின் 9எஃப்86 இயந்திரம் ஆண்டுக்குப் பத்து நொடிக்குள் துல்லியம் காக்கிறது. அதோடு ஃபிளையர் வகையும்கூட. நீண்ட நாள் அணியாமல் வைப்பதென்றால், தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: என்னிடம் சில ஜிஎம்டி கடிகாரங்கள் உள்ளன. எனக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை, பயணமும் குறைவு. நான்காவது முள்ளை எந்த நேரத்தில் வைப்பது?

பதில்: ஒன்றையாவது உலகப் பொது நேரமான யுடிசியில் வையுங்கள். கோடைக்கால மாற்றம் அதற்குக் கிடையாது; விமானப் போக்குவரத்தும் வானிலை அறிக்கைகளும் வானியல் நிகழ்வுகளின் அறிவிப்புகளும் அந்நேரத்திலேயே குறிக்கப்படுகின்றன. கிரகணம் தொடங்கும் நேரத்தை யுடிசியில் படித்துவிட்டு, மனக்கணக்குப் போடாமல் மணிக்கட்டைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. இன்னொன்றில் அந்த முள்ளை உள்ளூர் நேரத்திலேயே வைத்தால் திசையும் அறியலாம்: வட அரைக்கோளத்தில் கடிகாரத்தைக் கிடையாகப் பிடித்து, 24 மணி முள்ளைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்பினால், 24 என்ற எண் ஏறத்தாழ வடக்கைக் காட்டும். சூரியன் உச்சிக்கு அருகே செல்லும் வெப்பமண்டலப் பகுதிகளில் இது பிழை தரும்.

நின்றுபோன கடிகாரத்தை மறுபடி அணியும்போது மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடைப்பட்ட நிலையில் முட்கள் இருந்தால், தேதியை நேரடியாக மாற்றும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது. தேதிப் பற்சக்கரம் அப்போது ஏற்கெனவே பிடிப்பில் இருக்கும். முதலில் முட்களை ஆறு மணி அளவுக்குக் கொண்டுவந்து தேதியைத் திருத்துங்கள், பின்பு நேரத்தை வையுங்கள், இறுதியாக நான்காவது முள்ளை நகர்த்துங்கள்.